காணியும் குடியும் – 17: ஏட்டில் ஏறாத பெயர்

ஜமீன் ஒழிப்பின் கதையைச் சென்ற இதழோடு முடித்தோம். 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலத்தில் நிலைத்த உரிமை தந்தது. 1948-ஆம் ஆண்டின் சட்டம் ஜமீன்தாரையே நடுவிலிருந்து எடுத்துவிட்டது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் குடியானவர்கள் பட்டாவுக்குக் காத்திருந்த காலம் அது.

அந்தச் சட்டத்தால் தஞ்சாவூர் மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே நிலம் ரயத்துவாரி. அரசாங்க ஏட்டின்படி, வரி கட்டுகிறவருக்கும் சர்க்காருக்கும் நடுவில் யாரும் கிடையாது. ஒழிப்பதற்கு இடைத்தரகர் இல்லாத மாவட்டம் என்று காகிதம் சொன்னது. ஆனால் 1940-களில் தமிழ்நாட்டிலேயே அதிகம் கொந்தளித்த மாவட்டமும் அதுதான். காகிதத்துக்கும் வயலுக்கும் அப்படி என்ன பிணக்கு?

களத்துமேட்டுக்குப் போனால் தெரியும்.

லாபம், இரண்டு, மூன்று...

தை மாதம். சம்பா அறுத்துக் கட்டடித்துத் தூற்றி, நெல் அம்பாரமாகக் கிடக்கிறது. நிலத்துக்காரரான மிராசுதாரோ அவருடைய காரியஸ்தரோ வந்து நிற்கும்வரை அதில் யாரும் கைவைக்கக் கூடாது. இரவு களத்தில் தங்கும் குவியலின் மேல் குறி போட்டு வைப்பார்கள். விடியும்போது குறி கலைந்திருந்தால் காவலுக்குப் படுத்தவன் பாடு திண்டாட்டம்தான்.

பொழுது ஏறியதும் அளவு தொடங்கும். அளக்கும் மரக்கால் பல ஊர்களில் மிராசுதார் வீட்டிலிருந்துதான் வரும். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று சொல்லிப் போடுவார்கள். பிறகுதான் இரண்டு, மூன்று. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.

பங்கு பிரிப்பதற்கு முன் 'சுதந்திரம்' போகும். களத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், தலையாரி, வெட்டியான், கோயில் என்று ஊருக்கு உழைத்தவர்களுக்கும் ஊருக்குப் பொதுவானவற்றுக்கும் வழக்கப்படி கொடுக்க வேண்டிய நெல்லுக்குத்தான் சுதந்திரம் என்று பெயர். அது போக மிஞ்சியதில்தான் நிலத்துக்காரர் பங்கும் பயிரிட்டவர் பங்கும் பிரியும். பயிரிட்டவருக்கு ஐந்தில் ஒன்று, மிஞ்சினால் நாலில் ஒன்று என்பது பல ஊர்களின் வழக்கமாக இருந்தது. அதிலும் விதைநெல்லுக்கு வாங்கிய கடன், ஆடியில் சாப்பாட்டுக்கு வாங்கிய நெல், இரண்டுக்குமான வட்டி எல்லாம் களத்திலேயே கழியும். மிச்சத்தைத் துண்டில் முடிந்துகொண்டு போனவர்களும் உண்டு.

இது வாரம். விளைந்ததைப் பங்கு போடுவது. குத்தகை வேறு. ஒரு மாவுக்கு இத்தனை கலம் என்று முன்கூட்டியே பேசிவிடுவது. மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. குத்தகை நெல்லைத் தூற்றிக் காயவைத்து மிராசுதார் வீட்டு வாசலில் கொண்டுபோய் அளக்க வேண்டும். வாரத்தில் வெள்ளமோ வறட்சியோ வந்தால் இருவருக்கும் நட்டம். குத்தகையில் நட்டம் முழுக்க உழுதவன் தலையில் விடியும். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் மேல்மிச்சம் முழுவதும் அவனுக்கே என்பதுதான் இதற்கு ஈடு. ஆனால் இரண்டு வருடம் நன்றாக விளைந்துவிட்டால் மூன்றாம் வருடம் குத்தகையைக் கூட்டிக் கேட்பார்கள். கூட்டிக் கொடுக்க மனம் இல்லையென்றால் வரப்பில் நிற்கும் அடுத்த ஆளிடம் நிலம் போய்விடும்.

வாரத்துக்கும் கீழே, குத்தகைக்கும் கீழே, பண்ணையாள். நிலத்தைப் பேசி எடுக்கும் உரிமைகூட இல்லாதவர். பட்ட கடனுக்காகக் குடும்பத்தோடு ஒரு பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியார். சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் இவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள். அவர்களுடைய குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

யார் ரயத்?

தஞ்சை அரசு கும்பினியின் கைக்கு 1799-இல் வந்தது. தாமஸ் மன்றோ வகுத்த ரயத்துவாரி முறை குடியானவரோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்வது. ரயத் என்ற சொல்லுக்கே குடி என்றுதான் பொருள். ஆனால் காவிரிப் பாசனத்து ஊர்களில் சர்க்கார் தேடிப்போனபோது முன்னால் வந்து நின்றவர் மிராசுதார். அவர் பெயர் ஏட்டில் ஏறியது. அவரே ரயத் ஆனார். சேற்றில் காலை வைக்காதவர் காகிதத்தில் உழவரானார்.

அவருக்குக் கீழே யார் உழுகிறார்கள் என்று சர்க்கார் கேட்கவில்லை. வரி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டிய அவசியமும் நேரவில்லை.

சர்க்காருக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, மிராசு உரிமையைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு 1816-இல் விரிவாக விடை எழுதினார். ஊரோடு வேர்பிடித்து வழிவழியாகப் பயிர் செய்யும் உள்குடி, வெளியிலிருந்து வந்து தவணைக்குப் பயிர் செய்யும் புறக்குடி என்று குடிகளை அன்றைய தமிழ் வழக்கு வேறுபடுத்தியிருந்தது. மேல்வாரம், குடிவாரம், துண்டுவாரம் என்று ஒவ்வொரு படி நெல்லுக்கும் ஒரு பெயர் இருந்தது. நெல்லுக்கெல்லாம் பெயர் இருந்த ஊரில், அதை விளைத்தவன் பெயருக்கு மட்டும் ஊரின் பயிர்க் கணக்கான அடங்கலில் இடம் இல்லை.

ஜமீன் குடிக்கு 1908-இல் கிடைத்த பாதுகாப்பு மிராசுதாரின் குத்தகைதாரருக்குக் கிடைக்காமல் போனதன் சூட்சுமம் இதுதான். சட்டம் காப்பாற்ற வந்தது ரயத்தை. தஞ்சையில் ரயத் என்று எழுதியிருந்த இடத்தில் மிராசுதார் உட்கார்ந்திருந்தார்.

1952: ஆகஸ்ட்

மேட்டூர் அணை 1934-இல் திறந்தது. தண்ணீருக்கு ஓர் உறுதி வந்தது. நிலத்துக்குப் போட்டியும் அதனோடு வந்தது. போர்க்காலத்தில் நெல் விலை ஏறியபோது களத்தில் பிரியும் ஒவ்வொரு மரக்காலும் கண்ணில் பட ஆரம்பித்தது.

கம்யூனிஸ்ட் கட்சி 1943-இல் தஞ்சைக்கு அனுப்பிய பி.சீனிவாசராவ் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் கொடி ஏறியது. சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும், மரக்கால் ஒழுங்காக இருக்க வேண்டும், பங்கு உயர வேண்டும் என்ற கோரிக்கைகள் கீழத்தஞ்சை முழுக்கப் பரவின. 1948-இல் மாயவரத்தில் கூலி பற்றி ஓர் ஒப்பந்தம் ஆனது. அந்தக் காலத்தில் கட்சியும் தடைசெய்யப்பட்டது. களப்பால் குப்பு சிறையிலேயே இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950-இல் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

பிறகு வந்தது 1952 பொதுத்தேர்தல். 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை போய்விட்டது. தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்டுகள் பல தொகுதிகளை வென்றிருந்தார்கள். ஏப்ரலில் முதலமைச்சராக வந்த ராஜாஜி, கம்யூனிஸ்டுகளைத் தம்முடைய முதல் எதிரி என்று வெளிப்படையாகவே சொன்னவர். அவர்தான் ஆகஸ்ட் மாதம் தஞ்சாவூருக்கென்று ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அது பின்னர் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாக நிறைவேறியது.

மிராசுதார்கள் அதிர்ந்தார்கள். அவர்களில் பலர் காங்கிரஸ்காரர்கள். தம் கட்சி ஆட்சி தம் களத்துக்குள் வந்து நிற்கும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. ராஜாஜியின் கணக்கு வேறு. எதிரியின் கையிலிருக்கும் கோரிக்கையில் பாதியைத் தானே கொடுத்துவிட்டால் எதிரிக்குக் களத்தில் வேலை குறையும்.

சட்டம் சொன்னது இரண்டு பெரிய செய்தி. ஒன்று, வாரத்துக்குப் பயிரிடுகிறவருக்கு விளைச்சலில் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு. இரண்டு, குத்தகைதாரரை ஐந்து ஆண்டுகளுக்கு வெளியேற்ற முடியாது. பண்ணையாளுக்குக் கூலி வரையறை, காரணமில்லாமல் நீக்கினால் முறையிட ஓர் அதிகாரி.

கூடவே ஒரு விலக்கும் இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல், நன்செய் வைத்திருப்பவருக்கே இந்தச் சட்டம். வேலி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். அளவு ஒன்று, காவல் இன்னொன்று. இந்தச் சட்டத்தில் அது மிராசுதாருக்குக் காவலாயிற்று. அண்ணன் பெயரில் கொஞ்சம், மருமகன் பெயரில் கொஞ்சம், பக்கத்து ஊரில் கொஞ்சம் என்று நிலத்தைப் பிரித்து எழுதுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பண்ணையாள் முறையும் தேயத் தொடங்கியது. பண்ணையாள் என்று வைத்திருந்தால்தானே அதிகாரி வருவார்? தினக்கூலி என்று மாற்றிவிட்டால் கேட்பார் இல்லை. கடன்கட்டு அறுந்தது நல்லதுதான். வருடம் முழுக்க வேலை உண்டு என்ற பிடியும் அதோடு அறுந்தது.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பெரும்புயல் கரையேறியது. சம்பா வயலில் நின்ற நேரம். வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தையில் யாருக்கும் சட்டப் புத்தகம் தேவைப்பட்டிருக்காது.

40-60, 60-40

ராஜாஜிக்குப் பின் வந்த காமராஜ் ஆட்சியில் மாநில அளவில் இரண்டு சட்டங்கள் வந்தன. 1955-இல் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம்.

களத்து மொழியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாவில் 10 கலம் கண்டதாக வைத்துக்கொள்வோம். பழைய வழக்கில் ஐந்தில் ஒன்று என்றால் பயிரிட்டவருக்கு 2 கலம். 1952-இன் சட்டப்படி 4 கலம். 1956-இன் சட்டம் நன்செய்யில் நிலத்துக்காரர் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. அப்படியானால் பயிரிட்டவருக்கு 6 கலம். நான்கே ஆண்டுகளில் பங்கு அப்படியே தலைகீழாகப் புரண்டுவிட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் இது மேலும் குறைந்து, நிலத்துக்காரருக்கு 25 சதவீதம் என்றானது. அதாவது 10 கலத்தில் இரண்டரை. முன்பு குடியானவர் வாங்கிக்கொண்டு போன பங்கு ஏறத்தாழ அப்படியே நிலத்துக்காரருடையதாகிவிட்டது. சட்டப் புத்தகத்தில்.

1955-இன் சட்டமும் எழுதப்பட்ட விதத்தில் நேர்த்தியானது. யார் குத்தகைதாரர்? தன் உடலுழைப்பாலோ தன் குடும்பத்தார் உழைப்பாலோ பிறர் நிலத்தைப் பயிரிடுபவர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, நடைமுறையால் புலப்பட்டாலும் போதும். அவரை வெளியேற்ற நான்கைந்து காரணங்களே செல்லும். குத்தகைப் பாக்கி, நிலத்துக்குக் கேடு செய்வது, விவசாயமல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, நிலத்துக்காரரின் உடைமையையே மறுப்பது. அதற்கும் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். நிலத்துக்காரர் நெல்லை வாங்க மறுத்தால் கோர்ட்டில் கட்டலாம். சட்டம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து முன்கூட்டியே வெளியேற்றியவர்களையும் அது மறக்கவில்லை. 1953 டிசம்பர் 1 அன்று நிலத்தில் இருந்து, பின் வெளியேற்றப்பட்டவர் திரும்ப வரலாம் என்றது.

திரும்ப வருவதற்கு, டிசம்பர் 1 அன்று நிலத்தில் இருந்ததை எப்படிக் காட்டுவது?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் வந்து முட்டியது. வாய்ப்பேச்சில் எடுத்த குத்தகை. ரசீது கேட்டால், "என்னப்பா, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்பார் ஐயா. அடங்கலில் பெயர் எழுதுகிறவர் ஊர்க் கணக்குப்பிள்ளை. அவர் யாருடைய திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறார் என்பது ஊருக்கே தெரியும். சாட்சிக்கு வரப்போகிற பக்கத்து வயல்காரரும் அதே மிராசுதாரின் குத்தகைதாரர். ரசீது இல்லாதவரை 'பாக்கி' என்று சொல்லி வெளியேற்றுவது எளிது. நெல் கொடுத்தாயா என்றால் கொடுத்தேன் என்பார். அத்தாட்சி எங்கே என்றால் வாயடைத்துப் போவார். பயிரிலும் சாட்சியம் இல்லை. அறுத்து முடிந்தால் தாளடிதான் மிச்சம். அடுத்த உழவில் அதுவும் மண்ணோடு மண்.

வருடத்துக்கு வருடம் குத்தகைதாரரை வேறு வயலுக்கு மாற்றுவதும் நடந்தது. எந்த நிலத்திலும் வேர்விடக் கூடாது. நாற்றங்காலுக்குச் சரி. மனிதனுக்கு?

தீவிர வேளாண் திட்டம் என்ற பெயரில் 1960-களின் தொடக்கத்தில் நாட்டில் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களுக்கு உரமும் விதையும் கடனும் கூட்டிக் கொடுத்தார்கள். தஞ்சாவூர் அவற்றில் ஒன்று. இந்த மாவட்டங்களில் நில உறவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர் வுல்ஃப் லடஜின்ஸ்கி. போருக்குப் பின் ஜப்பானில் நிலச் சீர்திருத்தம் நடக்கத் துணை நின்றவர். குத்தகைச் சட்டங்கள் ஏட்டில் இருக்க, வயலில் வாய்ப்பேச்சுக் குத்தகையே நடக்கிறது, அதைப் பதிவு செய்த ஆவணமே இல்லை என்பதை அவர் அறிக்கை எடுத்துக்காட்டியது. புதிய விதையும் உரமும் போட்டு விளைச்சலைக் கூட்டு என்கிறோம். அடுத்த போகம் இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன் எதை நம்பிச் செலவு செய்வான்?

பட்டணத்துச் செங்கல்

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பட்டணத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

தஞ்சைக் குத்தகைதாரருக்குச் சட்டம் வந்தது 1952-இல். சென்னையில் இடம் வாடகைக்கு எடுத்தவருக்கு அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. பெயர் 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலம். இது வீட்டு வாடகைச் சட்டம் அல்ல. மண்ணை மட்டும் வாடகைக்கு எடுத்து, அதில் தன் காசில் வீடு கட்டிக்கொண்டவருக்கான சட்டம். கோயில் நிலங்களில் இதை இன்றும் அடிமனை என்பார்கள். அடிமனை சாமிக்கு, மேற்கட்டடம் ஆசாமிக்கு.

வாடகையை ஒழுங்காகக் கொடுத்துவரும்வரை தம்மை யாரும் கிளப்பமாட்டார்கள் என்று நம்பித்தான் இவர்கள் பிறர் நிலத்தில் கட்டடம் கட்டியிருக்கிறார்கள், ஆகவே பாதுகாப்பு தேவை என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. நம்பிக்கையை ஒரு காரணமாகச் சொன்ன சட்டம். அது தந்த உரிமையும் சாதாரணமானதல்ல. வெளியேற்றினால் கட்டடத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். நட்டு வளர்த்த மரத்துக்கும் ஈடு உண்டு. அதைவிடப் பெரியது ஒன்பதாம் பிரிவு. தன்மேல் வெளியேற்ற வழக்கு வந்தால், அந்த நிலத்தைத் தனக்கே விற்கும்படி குடியிருப்பவர் கோர்ட்டைக் கேட்கலாம். விலையைக் கோர்ட் நிர்ணயிக்கும்.

தஞ்சைக் குத்தகைதாரரும் இதே நம்பிக்கையில்தான் உழுதார். எருவடித்தார், வரப்பு கட்டினார், வாய்க்கால் வெட்டினார். குத்தகை அளந்துகொண்டிருக்கும்வரை கிளப்பமாட்டார்கள் என்று நம்பினார். பட்டணத்தவருக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்காமல் போனதற்குப் பல காரணம் சொல்லலாம். பட்டணத்தில் வாடகைதாரர்களிலும் வசதி படைத்தவர்கள், வாக்குள்ளவர்கள் இருந்தார்கள். கிராமத்தில் சட்டமன்றத்துக்குப் போனவர்களே நிலத்துக்காரர்கள். இதெல்லாம் உண்மை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று. கட்டடம் பேசும். செங்கல்லும் சுண்ணாம்பும் ஓடும் போட்டு ஒருவன் கட்டிய வீடு, அவன் அங்கே இருந்தான் என்பதற்குத் தானே சாட்சி. அமீனா வந்தாலும் அது கண்ணில் படும். நெல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பட்டணத்தவரின் உழைப்பு மண்ணுக்கு மேலே நின்றது. உழவரின் உழைப்பு மண்ணுக்குள்ளேயே கரைந்தது.

அடிமனைக்காரரின் பாதுகாப்பும் முழுமையாக நிலைக்கவில்லை. 1990-களில் வந்த திருத்தத்தால் கோயில் முதலான சமய நிறுவனங்களின் நிலம் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. சாமி நிலத்தைப் பாதி விலைக்கு எழுதி வாங்கிவிடுகிறார்கள் என்பது ஒரு பக்கத்து நியாயம். தாத்தா காலத்தில் கட்டிய வீட்டுக்கு இப்போது சந்தை மதிப்பில் அடிமனை வாடகை கேட்டால் எங்கே போவது என்பது இன்னொரு பக்கத்து நியாயம். அந்த வழக்கு நம் கோயில் நகரங்கள் எல்லாவற்றிலும் இன்னும் ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

குடிசைக்குக் கீழே இருந்த மண்

பண்ணையாளின் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது என்றேனே, அங்கே திரும்புவோம்.

கூலி கூடக் கேட்டவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்பது ஒரு மிரட்டல். குடிசையைக் காலிபண்ணு என்பது அதைவிடப் பெரிய மிரட்டல். வேலை வேறு பண்ணையில் கிடைக்கலாம். பெண்டாட்டி பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பது? 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றத் தடை போட்டு ஒரு சட்டம் வந்தது. மண் அப்போதும் மிராசுதாருடையதே.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலித் தகராறு 44 உயிர்களோடு எரிந்தது. ஒரே குடிசைக்குள் ஒண்டியிருந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அந்த இரவின் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. இந்தத் தொடரில் பின்னால் வரும். அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் சட்டங்கள் வேகமாக வந்தன என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். அதே ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். 1971-இல் குடியிருப்புச் சட்டம்.

கடைசியாகச் சொன்னது பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடத்தையே சொந்தமாக்கியது. பட்டணத்தில் 1921-இல் வந்த நியாயம் கிராமத்துச் சேரிக்கு வந்து சேர ஐம்பது ஆண்டு. இது ஓரளவு நன்றாகவே நடந்தது. ஏன் நடந்தது? குடிசை கண்ணில் பட்டது. அதிகாரி தெருவில் இறங்கி நடந்தால் இன்னார் இங்கே இருக்கிறார் என்று எழுதிக்கொள்ள முடிந்தது.

குத்தகைப் பதிவுச் சட்டம்தான் நோய்நாடி வந்த மருந்து. ஊர் ஊராகக் குத்தகைப் பதிவேடு. எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு, நிலத்துக்காரர் யார், பயிரிடுபவர் யார் என்று எழுத வேண்டும். எழுதும் அதிகாரி தாசில்தார். வரைவை ஊரில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். இத்தனை நாள் ஏட்டில் ஏறாத பெயரை ஏற்றுவதற்கென்றே ஒரு ஏடு.

பெயர் கொடுக்க எத்தனை பேர் முன்வந்தார்கள் என்பதில்தான் சிக்கல். பதிந்தவர்கள் உண்டு. சங்கம் வலுவாக இருந்த ஊர்களில் துணிந்து பதிந்தார்கள். மற்ற இடங்களில், பெயர் கொடுத்தால் அடுத்த போகம் நிலம் போய்விடும் என்ற பயம். நிலத்துக்காரர்தான் கடன் கொடுப்பவர், கல்யாணத்துக்கு நெல் கொடுப்பவர், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பவர். அவர் முகத்தை எதிர்த்துத் தாலுகா கச்சேரிப் படியேற வேண்டும். பாதுகாப்பு வேண்டியவன் தானே வந்து கேட்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. கேட்கத் துணிவு இருந்தால் அவனுக்குப் பாதுகாப்பே தேவைப்பட்டிருக்காது.

மேற்கு வங்கத்தில் 1978-இல் இதே வேலையை வேறு மாதிரி செய்தார்கள். வருவாய் அதிகாரிகள் ஊருக்குப் போய், பொழுது சாய்ந்தபின் குடியானவர்கள் இருக்கும் இடத்திலேயே கூட்டம் போட்டு, பத்துப் பேர் சேர்ந்து நிற்கையில் பெயர் எழுதினார்கள். பர்கா நடவடிக்கை என்று பெயர். பதிவான வாரக்குடிகள் சுமார் 14 லட்சம். கேரளம் 1970-இல் ஒரு படி மேலே போய்க் குத்தகைதாரரையே நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக்கியது. தமிழ்நாடு நடுவழியில் நின்றது. பங்கைக் குறைத்தோம், வெளியேற்றத்தைத் தடுத்தோம், பதிவேடும் வைத்தோம். நிலத்தைக் கொடுக்கவில்லை. பெயரையும் தேடிப்போய் எழுதவில்லை.

கொள்முதல் நிலைய வாசலில்

இது முடிந்துபோன கதை என்று யாராவது நினைத்தால், குறுவை அறுவடையின்போது டெல்டாவில் ஏதாவதொரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய் நிற்கட்டும். களம் மாறிவிட்டது. மரக்கால் போய் எடைத்தராசு வந்துவிட்டது. ஈரப்பதம் பார்க்கும் கருவி இருக்கிறது. 'லாபம்' என்று எண்ணுகிறவர் யாரும் இல்லை. ஆனால் வரிசையில் நிற்பவர் கையில் சிட்டா, அடங்கல். அதில் இருப்பது பெரும்பாலும் நிலத்துக்காரர் பெயர். அவர் சென்னையிலோ திருச்சியிலோ இருப்பார். சில வீடுகளில் அவர் இறந்தே போயிருப்பார், பட்டா இன்னும் மாறியிருக்காது.

கூட்டுறவுக் கடனுக்கும் அடங்கல். பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல். வெள்ள நிவாரணத்துக்கும் அடங்கல். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம் நிலம் வைத்திருப்பவருக்கே என்று விதி. 1952-இல் சட்டம் தேடிய அதே ஆளைத்தான் இப்போது மானியமும் தேடுகிறது. அன்று போலவே இன்றும் ஏட்டைப் பார்த்துத் தேடுகிறது.

பட்டணமும் இந்த விஷயத்தில் கிராமத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்பதால் 11 மாதத்துக்கு எழுதிப் புதுப்பித்துக்கொண்டே காலம் தள்ளுகிறோம். போக்கியத்துக்கு வீடெடுத்துப் பல லட்சத்தைக் கொடுத்தவர் கையில் ஒரு முத்திரைத்தாள் மட்டும் இருக்கிறது. எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று 2017-இன் சட்டம் சொல்லி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது. எத்தனை பேர் பதிகிறோம்? வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரே என்று நாமும்தான் யோசிக்கிறோம். படித்தவருக்கே இந்தத் தயக்கம் என்றால், 1955-இல் கணக்குப்பிள்ளையின் திண்ணைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவரைக் குறைசொல்ல நமக்கு வாயேது?

பங்கை நிர்ணயிப்பதில் நம் சட்டங்கள் தாராளமாகவே இருந்தன. 40, 60, 75 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போனார்கள். எந்த எண்ணையும் பெறுவதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரை எழுதும் பேனா உழுதவன் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு ரசீது போடும் இளைஞர், அடங்கலைப் பார்த்து நிலத்துக்காரரின் பெயரைத் தட்டச்சு செய்கிறார். எதிரே நெல்லோடு நிற்பவர் அதைத் திருத்தச் சொல்வதில்லை.

(அடுத்த இதழில்: 1961-இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-இல் 15. உச்சவரம்பு வந்தபின் நிலம் எங்கே போய் ஒளிந்தது?)